ஒரு நாளைக்கு ஒரு பலகை

எங்கள் குடியிருப்பில் சென்ற ஆண்டு ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்திருந்தார்கள். கோட்டும் டையும் அணிந்து வந்த பேச்சாளர், "உங்களால் முடியும்" என்று ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். மனதில் உறுதி இருந்தால் மலையும் நகரும் என்றார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடி, அவரவர் லட்சியத்தை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னார். நானும் எழுந்து நின்று கண்ணை மூடினேன். மூட்டு வலிதான் தெரிந்தது.

கேலிக்காக இதை எழுதவில்லை. மன உறுதி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? திருக்குறளில் 60-ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை. 62-ஆவது ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி. இரண்டுக்கும் நடுவே 61-ஆவதாக வள்ளுவர் வைத்திருப்பது மடியின்மை. ஊக்கத்துக்கும் உழைப்புக்கும் நடுவில் சோம்பல் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நம் பேச்சாளர்கள் 60-ஐ மட்டும் பேசிவிட்டு, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். 61-ஐயும் 62-ஐயும் நாமே வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே கீமேன் என்று ஒரு பணியாளர் உண்டு. அவருடைய எல்லை சுமார் ஆறு கிலோமீட்டர் இருக்கும். சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி, ஆபத்து நேரத்தில் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தின் மேல் வைக்கும் டெட்டனேட்டர் வெடி, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்தத் தூரத்தைத் தினமும் நடந்து பார்ப்பது அவர் வேலை. போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார். வரும்போது அடுத்ததைப் பார்த்துக்கொண்டு வருவார். பிரதானப் பாதையில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் கட்டைகள். ஒரு கட்டைக்கு நான்கு கிளிப்புகள். ஆறு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40,000 கிளிப்புகள் வருகின்றன. அத்தனையையும் அவர் கண் தொட்டுப் போகும். தளர்ந்திருப்பது ஒன்றோ இரண்டோ இருக்கும். அடித்து இறுக்கிவிட்டு மேலே நடப்பார். ஒன்றுமே இல்லாத நாளும் உண்டு. அன்றைக்கும் ஆறு கிலோமீட்டர் போக வேண்டும், ஆறு கிலோமீட்டர் வரவேண்டும்.

அவரிடம் போய் "உங்கள் லட்சியம் என்ன?" என்று கேட்டால் சிரிப்பார். இன்றைக்கு நடக்க மனம் வருகிறதா இல்லையா என்று அவரும் பார்ப்பதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் நடப்பார். பெங்களூர் கண்டோன்மெண்டுக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே 1864-இல் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் மாறிவிட்டது, மரக்கட்டை போய் கான்கிரீட் கட்டை வந்துவிட்டது, நீராவி போய் மின்சாரம் வந்துவிட்டது. ஆள் நடந்து பார்ப்பது மட்டும் போகவில்லை. சென்னைக்குப் பகல் வண்டியில் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது அந்த நடைதான்.

பெங்களூரிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் மாகடி தாலூகா. அங்கே ஹுலிகல் என்ற ஊர். அந்த ஊர்த் திம்மக்காவைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கன்னடத்தில் 'சாலுமரத திம்மக்கா' என்பார்கள், வரிசை மரத் திம்மக்கா என்று பொருள். பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலை செய்தவர். அவருக்கும் அவர் கணவர் சிக்கய்யாவுக்கும் குழந்தை இல்லை. ஹுலிகல்லிலிருந்து கூதூர் போகும் சாலையில் ஆலங்கன்றுகளை நட ஆரம்பித்தார்கள். முதல் ஆண்டு பத்துக் கன்று. அடுத்த ஆண்டு பதினைந்து. மூன்றாம் ஆண்டு இருபது. இப்படியே சேர்ந்து 385 மரங்கள் ஆயின. சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தச் சாலை இன்று ஒரு பச்சைக் குகை மாதிரி இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் 385 என்ற எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள், பிறகு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொல்கிறார்கள். விருது வாங்கப் போன இடத்தில் அந்தப் பாட்டி, குடியரசுத் தலைவரின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்த படத்தை நாமெல்லாம் பார்த்தோம். என் கண்ணுக்கு அந்த முதல் ஆண்டுப் பத்துதான் பெரிதாகத் தெரிகிறது. ஏன் நூறு நடவில்லை? தண்ணீர் சுமக்க இருந்தது இரண்டு பேர். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கன்றுகள் இருக்கும் தூரம் வரை நடக்க வேண்டும். கன்று நடுவது ஒரு நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது வருஷம் முழுக்க உள்ள வேலை. எத்தனை கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனை கன்றுதான் நட்டார்கள். அவை வேர் பிடித்த பிறகு அடுத்த பதினைந்து. நான் டிப்ளமா படிக்கும்போது சுமைக் கணக்கு என்று மூன்று ஆண்டு படித்தது இதைத்தான்.

இன்னும் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே நட்டார்கள். பாதி வேலையை வானம் பார்த்துக்கொண்டது. ஆடு மாடு கடிக்காமல் கன்றைச் சுற்றி முள் வெட்டி வேலி கட்டினார்கள். அதாவது மன உறுதியை மட்டும் நம்பி அவர்கள் இறங்கவில்லை. மனம் தளர்ந்தாலும் வேலை கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். சிக்கய்யா 1991-இல் காலமானார். அதற்குப் பிறகும் அந்த அம்மாள் மரத்தை விடவில்லை. 2019-இல் சாலையை அகலப்படுத்த அந்த மரங்களில் கோடரி வைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது முதலமைச்சர் வரை போய் முறையிட்டார். மாற்று வழி பார்க்கலாம் என்று அரசு இறங்கி வந்தது. 2025 நவம்பரில் திம்மக்கா மறைந்தபோது வயது 114 என்று பத்திரிகைகள் எழுதின.

இவ்வளவு தெரிந்தவன் நீ என்ன கிழித்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கர்நாடக மண்ணில் சம்பளம் வாங்கியவன் நான். கேங் ஆட்களோடு பழகிப் பழகிக் கன்னடம் நன்றாகவே பேசுவேன். திட்டவும் வரும், தேற்றவும் வரும். ஆனால் படிக்கத் தெரியாது. இது எனக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்கவில்லை. நம் சங்கத்தில் கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்க வேண்டியிருக்கும். மூன்று தடவை கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். 'முப்பது நாளில்' வகைப் புத்தகம் ஒன்று வாங்கி ஒன்பதாம் பக்கம் வரை போனேன். அடுத்த தடவை பெரிய அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன், தினமும் ஒரு மணி நேரம் என்று. நான்காம் நாள் ஒரு சாவு, ஐந்தாம் நாள் ஓர் இன்ஸ்பெக்ஷன், ஆறாம் நாள் முதல் அட்டவணை காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது. மூன்றாம் தடவை நடந்ததைச் சொல்லவே வேண்டாம்.

ஓய்வு பெற்ற பின், என்னிடம் வேலை பார்த்த மேட் ஒருவர் தம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். மழையிலும் வெயிலிலும் என்னோடு நின்றவர். பத்திரிகை முழுக்கக் கன்னடத்தில் இருந்தது. "ஓதி நோடி, தப்பதே பன்னி சார்" என்றார். படித்துப் பார்த்துவிட்டுத் தவறாமல் வாருங்கள் என்கிறார். நானும் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படிப்பது போல் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தேதி இரண்டு, நேரம் இரண்டு, மண்டபம் மாலூரில். எண்கள் மட்டும் புரிந்தன. முதல் தேதி முகூர்த்தம், மறுநாள் வரவேற்பு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மறுநாளுக்கு 6.30 என்று போட்டிருந்தது. மாலை ஆறரைக்குப் பட்டுச் சால்வையும் பரிசுப் பொருளுமாகப் போய் இறங்கினேன். மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே வரவேற்பு முதல் நாள் மாலையே நடந்துவிடும். 'ஆரதக்ஷதே' என்று அதைத்தான் அச்சடித்திருந்தார்கள். முகூர்த்தம் மறுநாள் காலை ஆறரைக்கு. காலையா மாலையா என்பது எண்ணில் இல்லை, எழுத்தில் இருந்தது. மேட் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் வந்ததே போதும் சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மிச்சமிருந்த சாப்பாட்டைச் சூடுபண்ணச் சொல்லி, தாம்பூலப் பையும் தேங்காயும் கொடுத்து அனுப்பினார். ரயில் வருகிற வரை மாலூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மஞ்சள் பலகை. மேலே கன்னடத்தில் ஒரு வரி, கீழே இந்தியிலும் ஆங்கிலத்திலும். மூன்று எழுத்தும் சொல்வது 'மாலூரு' என்ற ஒரே பெயர். எத்தனையோ தடவை டிராலியில் அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தக் கன்னட வரியைப் பார்த்து வரைந்துகொண்டேன். எழுதினேன் என்று சொல்ல முடியாது, வரைந்தேன். 'மா', 'லூ', 'ரு'. மூன்று எழுத்து தெரிந்துவிட்டது. மறுநாள் ஹூடி. அதற்கும் மறுநாள் தேவனகுந்தி. ஒரு நாளைக்கு ஒரு பலகை, அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். காலைக் காபி டம்ளரைக் கீழே வைத்ததும், பேப்பரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்துவிடுவது. ஐந்து நிமிடம் கூட ஆகாது. காய்ச்சல் வந்த நாளிலும் ஐந்து நிமிடத்துக்கு மனிதன் சாக்குச் சொல்ல முடியவில்லை. பங்காரப்பேட்டைப் பலகையில், எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டால் மெல்லின ஒலி வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். கிருஷ்ணராஜபுரம் மட்டும் என்னை ஒரு வாரம் படுத்தியது. 'ஷ்'ஷுக்குக் கீழே 'ண' தொங்குகிறது. ஒத்தக்ஷரம் என்கிறார்கள், எழுத்துக்கு அடியில் எழுத்து.

ஸ்டேஷன் பலகைகள் தீர்ந்ததும் மெட்ரோ நிலையங்கள், அதன் பின் பஸ் போர்டு, கடைப் பெயர். அல்சூரைக் கன்னடத்தில் 'ஹலசூரு' என்று எழுதியிருக்கிறார்கள். ஹலசு என்றால் பலா. நம் 'ப' அவர்களிடம் 'ஹ' ஆகிவிடுகிறது. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி. பையப்பனஹள்ளியில் இருப்பது நம் ஊர்ப் பெயர்களில் வரும் 'பள்ளி'யேதான் என்று தெரிந்த அன்று தெருவில் தனியாகச் சிரித்தேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

இதில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. ஆர்வம் முதலில் வந்து வேலை பின்னால் வரும் என்று பேச்சாளர்கள் சொல்கிறார்கள். என் விஷயத்தில் தலைகீழாக நடந்தது. முதல் இரண்டு மாதம் ஆர்வம் எதுவும் இல்லை, வெட்கம் மட்டும்தான் இருந்தது. பலகை பலகையாகப் போனபின், 'ப' 'ஹ' ஆவதைப் பார்த்தபின்தான் ஆர்வம் வந்தது. அது வரும் வரை காத்திருந்ததால்தான் முப்பது ஆண்டு போயிற்று. அட்டவணை போட்டுத் தோற்ற காலத்தில் எனக்கு மன உறுதி போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். இப்போது யோசித்தால், பத்துக் கன்றுக்குத் தண்ணீர் இருக்கும்போது நூறு நட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

சிறு செயல் என்றாலே நல்லது என்று எண்ணிவிடவும் கூடாது. தண்டவாளத்தில் இரண்டு துண்டு சேரும் இடத்துக்கு ஜாயின்ட் என்போம். அதன் அடியில் ஜல்லி கொஞ்சம் தளர்ந்தால், ஒவ்வொரு சக்கரமும் அந்த இடத்தில் ஒரு அடி கொடுத்துவிட்டுப் போகும். ஒரு அடியில் ஒன்றும் ஆகாது. ஆனால் அடிக்க அடிக்க ஜல்லி பொடியாகும், பொடி தண்ணீரோடு சேர்ந்து சேறாகும், சேறு தண்ணீரை வெளியே விடாது, ஜாயின்ட் இன்னும் இறங்கும், இறங்க இறங்க அடி இன்னும் பலமாக விழும். அதுவும் நாள்தோறும் தவறாமல் நடக்கிற சிறு செயல்தான். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நான் முப்பது ஆண்டு சொன்னது அந்த வகை.

நம் பிள்ளைகளின் தமிழும் இப்படித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. இந்த ஊரில் கோடை விடுமுறைக்குத் தமிழ் வகுப்பு தொடங்கினால் முதல் வாரம் நாற்காலி போதாது. பெற்றோர் புது நோட்டும் பென்சிலுமாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். பள்ளி திறந்ததும் கூட்டம் கரைந்துவிடும், தீபாவளிக்குள் ஆசிரியரும் நான்கு பிள்ளைகளும் மிஞ்சுவார்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, என் மகனுக்கே நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரவு ஷிப்ட், பகல் இன்ஸ்பெக்ஷன் என்று காரணம் வைத்திருந்தேன். அவன் தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். பேத்திக்கு எழுத்தே தெரியாது.

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991-இல் தயாராகி, 18 ஆண்டு துணி மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். அந்த 18 ஆண்டும் சலிக்காமல் மனுக் கொடுத்து, ஆட்களைப் பார்த்து, பேசிப் பேசி அதைச் சாதித்தவர்கள் நம் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் சிலையைத் திறந்துவிட்டோம், புத்தகத்தைத் திறந்தோமா? அந்த வழியாக வாக்கிங் போகிற நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேரால் ஒரு குறளை எழுத்தில் படிக்க முடியும்? நம்மில் எத்தனை பேர் சர்வக்ஞரின் மூன்றடிப் பாட்டில் ஒன்றையாவது கன்னட எழுத்தில் படித்திருக்கிறோம்? மாஸ்தி வெங்கடேச அய்யங்கார் வீட்டில் பேசியது தமிழ். அவர் கன்னடத்தில் எழுதி 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு பெற்றார். நமக்கு அவ்வளவு வேண்டாம், பஸ் போர்டு படித்தால் போதும்.

பெரிய விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அதோடு, தமிழ் வகுப்பில் சேருகிற பெற்றோரிடம் கட்டணம் வாங்கும்போது, வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு சொல் படிக்க வைப்பதாக ஒரு வாக்கும் வாங்கலாம். சாப்பாட்டு மேஜை மேல் ஒரு சிலேட்டு. இரவு சாப்பிட உட்காரும்போது ஒரு சொல். அதிகம் கொடுத்துவிடக் கூடாது, அதில்தான் நம்மவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். முதல் வாரமே 'ஆத்திசூடி முழுக்க ஒப்பி' என்று ஆரம்பித்துவிடுகிறோம். வருகைப் பதிவேடு போல வீட்டுக்கு வீடு ஒரு காலண்டரைக் கொடுத்து, படித்த நாளில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லலாம். விட்டுப்போன நாளுக்கு யாரையும் கோபிக்க வேண்டாம், மறுநாள் இரண்டு சொல் கேட்கவும் வேண்டாம். கீமேன் ஒரு நாள் வரவில்லை என்பதற்காக மறுநாள் அவரை இருபத்துநாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்ல மாட்டோம்.

எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இது நடக்கிறது. பேத்தி எனக்கு ஒத்தக்ஷரம் சொல்லித் தருகிறாள், அவளுக்குப் பள்ளியில் கன்னடம் உண்டு. நான் அவளுக்கு ஒரு தமிழ்ச் சொல். முதல் சொல்லாக அவள் பெயரைக் கொடுத்தேன், இரண்டாவதாக 'தோசை'. ழகரம் இன்னும் அவள் நாக்கில் உட்காரவில்லை. நான் இன்னும் 'ஹ'னாவையும் 'ப'னாவையும் அவசரத்தில் மாற்றிப் படிக்கிறேன், அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். காலண்டரில் நடுநடுவே புள்ளி இல்லாத கட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. சென்ற மாதம் அவள் அம்மாவின் ஊருக்குப் போய் ஒன்பது நாள் தொடர்ந்து விட்டுப்போயிற்று. திரும்பி வந்த அன்று இரவு அவளே சிலேட்டை எடுத்து வைத்தாள்.

போன வாரம் அந்த மேட் மறுபடி வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைக் கையில் வாங்கி, அவர் எதிரிலேயே, கொஞ்சம் திக்கித் திக்கி, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். வரவேற்பு முதல் நாள் மாலை ஏழு மணிக்கு. முகூர்த்தம் மறுநாள் காலை 9.30. மண்டபம் அதே மண்டபம். நான் முதல் நாள் மத்தியானமே மாலூர் போய்விடுவதாக இருக்கிறேன்.